முரி என்ற கட்டளை

ஊர்மஸ் வேலையை விட்டுப் போனபோது
இருநூற்றுப் பதினான்கு கட்டளைகளை விட்டுவிட்டுப் போனார்.
கூடவே ஒரு காபிக் கோப்பை.
கோப்பையை வைகே இரண்டே நாளில் உடைத்துவிட்டாள்.

ஹாப்சலு. பிப்ரவரி.
உறைந்த கடல்மேல் முக்காலி போட்டு
ஓட்டைக்குள் தூண்டில் விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் சிலர்.
மருத்துவமனையின் அடித்தளத்தில், சன்னல் இல்லாத அறையில்,
நாங்கள் பெயர் மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

வினை முன்னால். பெயர் பின்னால்.
இடையில் ஒரு சின்னக் கோடு.
பெறு-நோயாளி.
நிறுத்து-அச்சுப்பொறி.
எழுவாய் கிடையாது;
விசையை அழுத்துகிற விரல்தான் எழுவாய்.

வினைகளுக்குப் பட்டியல் இருக்கிறது.
அதில் இல்லாததை எழுதினால்
மஞ்சள் எழுத்தில் ஓர் எச்சரிக்கை வரும்.
தடுக்காது.
சாப்பாட்டு மேசையில் மாமியார்
தொண்டையைச் செருமுவாரே, அவ்வளவுதான்.
ஊர்மஸ் பதினோரு வருடம்
அந்தச் செருமலைக் கேட்டும் கேட்காமல் இருந்திருக்கிறார்.

நவம்பரில் ஒரு ராத்திரி
'சுத்தம்' என்று ஒன்றைக் கண்டு வைகே ஓட்டினாள்.
பழைய பதிவுக் குப்பை போகும் என்று நினைத்தாள்.
முட்டி அறுவைக்குக் காத்திருந்தவர்களின் பட்டியல் போயிற்று.
விடிய விடிய மீட்டெடுத்தோம்.
யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.
ஒரு கடிதம் வந்தது, இரண்டு பக்கம்.

அதன் பிறகு எனக்கு இரண்டு சொற்கள் வேறுவேறாகக் கேட்கின்றன.
காலிசெய் என்றால் வாளி இருக்கும், தண்ணீர் போகும்.
நீக்கு என்றால் வாளியும் போகும்.

மறை என்ற வினை பட்டியலில் உண்டு.
மற இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.
காத்திரு உண்டு.
மன்னி இல்லை; இருந்தால்
நவம்பரில் வைகே அதைத்தான் முதலில் தட்டியிருப்பாள்.

இன்னொரு விதி: பெயர் எப்போதும் ஒருமையில்.
மூவாயிரம் பேரைக் கொண்டுவந்து கொட்டினாலும்
பெறு-நோயாளி. நோயாளிகள் அல்ல.
இலக்கணப் பிழை என்று முதலில் சண்டை போட்டேன்.
பிறகு முட்டிப் பட்டியலைத் திரும்ப ஏற்றிய காலையில்
ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தபோது
ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

இருநூற்றுப் பதின்மூன்று முடிந்தது.
மிச்சம் ஒன்று: முரி.
வினை இல்லை, கோடு இல்லை.
நாய்க்கு வைக்கிற பெயர்.
தினமும் விடிகாலை மூன்று பத்துக்கு ஓடுகிறது,
ஒன்றும் சொல்லாமல் முடிகிறது.

தார்த்துவுக்குத் தொலைபேசினோம்.
"முரியா? நானா எழுதினேன்?" என்றார் ஊர்மஸ்.
பின்னால் குழந்தை எதையோ தரையில் தட்டிக்கொண்டிருந்தது.
"நிறுத்திப் பாருங்கள், யாராவது கத்தினால் தெரிந்துவிடும்."

நிறுத்தவில்லை. பிரித்துப் படித்தோம்.
நாற்பது வரி, ஒரு குறிப்பு கிடையாது.
இரத்த வங்கியின் உறைபெட்டி ஒவ்வொன்றாகப் போய்
தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறது.
சூடு ஏறியிருந்தால் மட்டும் குரைக்கும்:
செவிலியர் அறையில் மூன்று முறை மணி.
பதினோரு வருடத்தில் இரண்டு தடவை குரைத்திருக்கிறது.
மணி ஏன் அடித்தது என்று
அன்று யாரும் எங்களைக் கேட்கவில்லை.

சோதி-உறைபெட்டி என்று எழுதினேன்.
வினை பட்டியலில் உண்டு, பெயர் ஒருமை.
மஞ்சள் எழுத்து வரவில்லை.
வைகே என் தோளுக்குப் பின்னால் நின்றபடி
ஒன்றும் பேசாமல் இருந்தாள்.

மாற்றுப்பெயர் வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது.
எழுதி வைக்கும்போது கூடாது;
கையால் தட்டும்போது பரவாயில்லை.

இப்போது தினமும் காலையில்
மேலங்கியைக் கழற்றுவதற்கு முன்னால்,
கையுறை ஒன்று பல்லில் இருக்க,
முரி என்று தட்டுகிறாள்.

மைனஸ் முப்பத்தொன்று.
மைனஸ் முப்பத்தொன்று.
மைனஸ் முப்பது.

பிறகுதான் கழற்றுகிறாள்.